மார்பில் வாள் தழும்பு, முதுகில் சாட்டைத் தழும்பு

கி.மு. 495. ரோம் நகரத்து ஃபோரத்தில், ஊர் கூடும் அந்தத் திறந்தவெளியில், ஒரு கிழவர் வந்து நிற்கிறார். உடுத்தியிருப்பது அழுக்குக் கந்தல். உடம்பு வற்றி வெளிறிப்போயிருக்கிறது. தாடியும் தலைமுடியும் வளர்ந்து முகத்தையே மறைக்கின்றன. அப்படியும் சிலர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். போர்க்களத்தில் அணிக்குத் தலைமை தாங்கியவர் இவர். கூட்டம் சேர்கிறது. இந்தக் கதி எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். அவர் மார்பைத் திறந்து காட்டுகிறார். எதிரியை நேருக்கு நேர் நின்று சந்தித்த வாள் தழும்புகள்.

அவர் சொன்னது இதுதான். சபைன்களோடு நடந்த போரில் அவர் படையில் இருந்தபோது எதிரிகள் அவருடைய நிலத்துக்குள் புகுந்தார்கள். விளைச்சல் அழிந்தது, வீடு எரிந்தது, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்துப் போர்வரி வந்தது. கடன் வாங்கினார். வட்டி ஏறியது. பாட்டனும் அப்பனும் ஆண்ட நிலம் போனது, மிச்சமிருந்த சொத்தும் போனது, கடைசியில் கடன் ஒரு நோய்போல உடம்பையே வந்து பற்றியது. கடன் கொடுத்தவன் தன்னைக் கொண்டுபோனது வெறும் அடிமை வாழ்வுக்கு அல்ல, கொட்டடிக்கும் சித்திரவதைக் கூடத்துக்கும் என்றார். பிறகு திரும்பி நின்று முதுகைக் காட்டினார். அங்கே இருந்தவை சாட்டைத் தழும்புகள், ஆறாத புதியவை.

இதை எழுதிவைத்தவர் வரலாற்றாசிரியர் லிவி. நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு 450 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியவர். ரோம் என்றால் சீசர், கிளியோபாட்ரா, கொலோசியம் என்றே கேட்டு வளர்ந்த எனக்கு இந்தக் கிழவர்தான் ரோமுக்குள் போகும் வாசலாக இருந்தார். பளிங்கு மண்டபங்கள் எதுவும் எழாத, மண்சுவரும் களத்துமேடுமாக இருந்த ஒரு சின்ன நகரம். சுற்றிலும் பகை. அந்த நகரத்தின் ஏழை விவசாயிகள் தங்களை ஆண்ட குடும்பங்களோடு 200 ஆண்டுகள் போராடினார்கள். ஆயுதம் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுடைய பெரிய வெற்றிகள் ஆயுதத்தைத் தூக்கியதால் வந்தவை அல்ல. தூக்க மறுத்ததால் வந்தவை. அந்த வெற்றிகளுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அந்தக் கடன் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். அன்றைய ரோமில் படைவீரனுக்குச் சம்பளம் கிடையாது. கேடயம், ஈட்டி, தலைக்கவசம் எல்லாம் அவனவன் காசில். ஆகவே படைக்குப் போனவன் நிலம் வைத்திருந்த விவசாயி. ஒன்றும் இல்லாத பரம ஏழையை வழக்கமாகப் படையில் சேர்ப்பதில்லை. போர் நடக்கும் பருவமும் வயலில் வேலை இருக்கும் பருவமும் ஒன்று. கோடையில் மலையிலிருந்து ஈக்விகளும் வோல்ஸ்கிகளும் சமவெளிக்கு இறங்குவார்கள்; அறுக்க வேண்டிய கையில் ஈட்டி இருக்கும். திரும்பிவரும்போது களம் காலியாகவோ கரியாகவோ கிடக்கும். அடுத்த விதைப்புக்கு விதை வேண்டும். அதற்காகப் பெரிய நிலக்காரன் வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டும்.

நாணயம் புழங்காத காலம் அது. கடனை வெண்கலமாக எடைபோட்டுக் கொடுத்தார்கள். ஐந்து சாட்சிகள், தராசு பிடிக்க ஒருவர். அந்தச் சடங்கின் பெயர் நெக்ஸம். கடனாளி அதில் ஈடாக வைத்தது தன்னையே. பிற்பாடு எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் கடனாளியை என்ன செய்யலாம் என்பதற்கு விதிகள் இருக்கின்றன. தீர்ப்பான பிறகு 30 நாள் வாய்தா. கட்டவில்லை என்றால் கடன் கொடுத்தவன் கையைப் பிடித்து இழுத்துப் போகலாம், 15 ராத்தல் எடையில் விலங்கு மாட்டலாம். நாளுக்கு ஒரு ராத்தல் மாவு கொடுக்க வேண்டும். 60 நாள் அப்படி வைத்திருந்து, இடையில் மூன்று சந்தை நாட்களில் கடனாளியை வெளியே கொண்டுவந்து தொகையை அறிவிக்க வேண்டும். யாரும் மீட்க வரவில்லை என்றால் கொல்லலாம், அல்லது டைபர் ஆற்றுக்கு அப்பால் விற்கலாம். டைபருக்கு அந்தப் பக்கம் அன்று எட்ருஸ்கன் நாடு, ரோமோடு ஓயாமல் போரிட்ட வேயி நகரத்தின் எல்லை. நேற்றுவரை யாரை எதிர்த்து நின்றானோ அவர்களுடைய மண்ணில் கொண்டுபோய் விற்கப்படுவான். இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒடுங்கிவிடும்.

கிழவர் ஃபோரத்தில் நின்ற நாளுக்கு வருவோம். அவர் சொன்னதைக் கேட்டு நகரமே கொந்தளித்தது. கடனுக்காக அடைபட்டிருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். செனட் உறுப்பினர்கள் பயந்து ஒளிந்தார்கள். கூட்டம் நடத்த ஆள் சேரவில்லை. அந்த நேரத்தில் லத்தீன் குதிரைவீரர்கள் ஒரு செய்தியோடு வந்து சேர்ந்தார்கள்: வோல்ஸ்கிகள் படையோடு ரோமை நோக்கி வருகிறார்கள். கேட்ட பிளெபியர்கள், அதாவது ஆளும் குடும்பங்களில் பிறக்காத மக்கள், மகிழ்ந்தார்கள் என்று எழுதுகிறார் லிவி. போரின் பலனை அனுபவிப்பவர்களே போரின் ஆபத்தையும் ஏற்கட்டும், ஆண்டைகளே ஆயுதம் எடுக்கட்டும் என்றார்கள். தங்கள் நகரம் எரிந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்கு ஒரு மக்கள் கூட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்திய கடன் எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்.

ஆட்சியையும் படையையும் ஓராண்டுக்கு நடத்தும் தலைவர்களுக்குக் கான்சல் என்று பெயர். அந்த ஆண்டின் கான்சல்கள் இருவர், ஆப்பியஸ் கிளாடியஸும் பப்லியஸ் செர்வீலியஸும். செர்வீலியஸ் மக்களிடம் வந்து ஓர் ஆணை பிறப்பித்தார். ரோமானியக் குடிமகன் எவனையும் படையில் பெயர் கொடுக்க முடியாதபடி விலங்கிட்டு அடைக்கக் கூடாது; பாசறையில் இருக்கும் வீரனின் சொத்தை ஜப்தி செய்யவோ விற்கவோ கூடாது; அவன் பிள்ளைகள் மீது கை வைக்கக் கூடாது. உடனே அடைபட்டிருந்த கடனாளிகள் எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். வோல்ஸ்கிகளை எதிர்த்த சண்டையில் அவர்களைவிட வீரமாக யாரும் போரிடவில்லை என்கிறது அந்தப் பதிவு. வென்று திரும்பினார்கள். திரும்பியதும் ஆப்பியஸ் கிளாடியஸ் நீதி இருக்கையில் உட்கார்ந்து கடன் வழக்குகளை எவ்வளவு கடுமையாக முடியுமோ அவ்வளவு கடுமையாகத் தீர்த்தார். முன்பு அடைபட்டிருந்தவர்கள் பழைய விலங்குக்கே திரும்பினார்கள். செர்வீலியஸ் வாயைத் திறக்கவில்லை.

மறு ஆண்டு இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. படைக்கு ஆள் எடுக்கக் கூப்பிட்டார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. செனட் ஒரு சர்வாதிகாரியை நியமித்தது. அந்தப் பதவிக்காரரின் தண்டனையை எதிர்த்து மக்களிடம் முறையிட வழியில்லை. ஆனால் பதவி போய்ச் சேர்ந்த மேனியஸ் வலேரியஸ் மக்கள் நம்பிய குடும்பத்தவர். அவரும் செர்வீலியஸ் கொடுத்த வாக்குறுதியையே கொடுத்தார். மக்கள் நம்பினார்கள். லீஜியன் எனப்படும் பெரும் படைப்பிரிவுகள் பத்து திரண்டன என்கிறார் லிவி. அன்றைய சின்ன ரோமுக்கு அது மிகையான எண்ணிக்கை, ஆனால் பெரும்படை திரண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று முனைகளிலும் வெற்றி. வலேரியஸ் செனட்டுக்கு வந்து கடனாளிகளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். செனட் மறுத்தது. அவர் பதவியைத் துறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

இப்போது செனட்டுக்குப் பயம். படையைக் கலைத்தால் அத்தனை பேரும் நகரத்துக்குள் கூடிவிடுவார்கள். கான்சல்களிடம் செய்த சத்தியம் இன்னும் வீரர்களைக் கட்டுப்படுத்துகிறது என்று காரணம் காட்டி, ஈக்விகள் மறுபடி போருக்கு வருகிறார்கள் என்று சொல்லி, படையை நகரத்துக்கு வெளியே நடத்த உத்தரவிட்டார்கள். இந்த ஈக்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தியத்திலிருந்து விடுபட கான்சல்களைக் கொன்றுவிடலாமா என்றுகூட வீரர்கள் யோசித்தார்கள். கொலையால் எந்தச் சத்தியமும் அவிழாது என்று யாரோ சொன்னார்கள். அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் வியப்பான செயல். அனியோ ஆற்றைத் தாண்டி, நகரத்திலிருந்து மூன்று மைல் தொலைவில் இருந்த ஒரு குன்றுக்குப் போனார்கள். புனித மலை என்று பிறகு பெயர் பெற்ற குன்று. தளபதி இல்லாமலேயே அகழி வெட்டி, அரண் எழுப்பி, முறையான பாசறை அமைத்தார்கள். சாப்பாட்டுக்கு வேண்டியதைத் தவிர எதையும் எடுக்கவில்லை. யாரையும் தாக்கவில்லை. சும்மா இருந்தார்கள். நகரத்துக்குள் இருந்தவர்களுக்கு அந்த அமைதியே தாங்க முடியாததாக இருந்தது. எதிரி இப்போது வந்தால் யார் நிற்பது?

செனட் அனுப்பிய தூதர் மெனெனியஸ் அக்ரிப்பா. அவர் சொன்ன கதை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. கையும் வாயும் பல்லும் சேர்ந்து, உழைக்காமல் தின்னும் வயிற்றைப் பட்டினி போட முடிவு செய்தனவாம். கடைசியில் உடம்பு முழுவதும் வாடியதாம். வயிறுதான் எல்லா உறுப்புக்கும் இரத்தமாகச் சத்தை அனுப்புகிறது என்று அப்போதுதான் புரிந்ததாம். எனக்கு இந்தக் கதை பிடிக்காது. ஃபோரத்தில் நின்ற கிழவருக்கு எந்த வயிறும் எதையும் அனுப்பவில்லை. அவருடைய நிலத்தைத் தின்றது, பிறகு அவரைத் தின்றது. குன்றில் இருந்தவர்கள் கதையைக் கேட்டு மனம் மாறி இறங்கி வந்தார்கள் என்று நம்ப எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கேட்டது கிடைத்ததால் இறங்கி வந்தார்கள்.

கிடைத்தது டிரிப்யூன் என்ற பதவி. ஆளும் குடும்பத்தவரான பாட்ரீசியர் யாரும் வகிக்க முடியாத, பிளெபியர்களுக்கே உரிய பதவி. கான்சலின் முன்னால் கோடரி செருகிய தடிக்கட்டு தூக்கிக்கொண்டு ஏவலர்கள் நடப்பார்கள். டிரிப்யூனுக்கு அப்படி எதுவும் இல்லை. அவருடைய அதிகாரம் அவர் உடம்பில் இருந்தது. அவர் மீது கை வைப்பவன் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவன், அவனை யாரும் கொல்லலாம் என்று பிளெபியர்கள் கூட்டாகச் சத்தியம் செய்தார்கள். படைக்கோ கடனுக்கோ ஒருவனை இழுத்துப் போகும்போது டிரிப்யூன் வந்து நடுவில் நின்றால் போதும். அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். அவர் இரவு நகரத்துக்கு வெளியே தங்கக் கூடாது.

இத்தாலியின் மலைச்சாதியினர் பெரும்போருக்கு ஆள் திரட்டும்போது இதே மாதிரியான சாபச் சத்தியத்தைப் பயன்படுத்தினார்கள். ஈக்விகளும் வோல்ஸ்கிகளும் அப்படித் திரண்டதை லிவியே வேறோர் இடத்தில் சொல்கிறார். கொல்வதற்கும் சாவதற்கும் ஆட்களைக் கட்டிப்போட்ட ஒரு போர்ச்சடங்கை, தங்களில் ஒருவன் அடிபடாமல் காக்கும் கவசமாக ரோமின் படைவீரர்கள் மாற்றிக்கொண்டார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் அந்தக் கவசத்துக்கு ஓர் எல்லை இருந்தது. நகரத்திலிருந்து ஒரு மைல் தாண்டினால் டிரிப்யூனின் அதிகாரம் செல்லாது. பாசறையில் கான்சல் சொன்னதே சட்டம். ஆகவே படைக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொரு முறையும் சண்டை நகரத்துக்குள்ளேயே நடந்தது. மதிலுக்கு வெளியே ஒருமுறை இழுத்துக்கொண்டு போய்விட்டால் முடிந்தது கதை என்று இரண்டு பக்கமும் அறிந்திருந்தன.

இந்தக் கதைகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி நியாயமானது. பேச்சுகள் எல்லாம் பிற்காலக் கற்பனை, எண்கள் பெருக்கப்பட்டவை, ஆப்பியஸ் கிளாடியஸ் என்ற பெயரில் தலைமுறைக்கொரு கொடியவன் வருவது கதையாசிரியர்களின் வேலை. ஆனால் டிரிப்யூன் பதவி உண்மை, பன்னிரண்டு பலகையின் விலங்கு உண்மை. மண்ணுக்கடியிலிருந்தும் ஒரு சாட்சி வந்தது. 1977இல் ரோமுக்குத் தெற்கே சாட்ரிகம் என்ற இடத்தில் கி.மு. 500 வாக்கில் பொறிக்கப்பட்ட ஒரு கல் கிடைத்தது. போப்லியோஸ் வலேசியோஸ் என்பவரின் தோழர்கள் போர்க்கடவுள் மார்ஸுக்குச் செய்த காணிக்கை. ஒரு தலைவனும் அவனுக்குக் கட்டுப்பட்ட ஆட்களும் என்ற அமைப்பு அங்கே கல்லில் தெரிகிறது. கி.மு. 477இல் ஃபேபியஸ் குடும்பத்தார் 306 பேர் வேயியை எதிர்த்துக் குடும்பப் போராகவே போய்க் கிரெமேரா ஆற்றங்கரையில் மடிந்தார்கள் என்ற கதையும் இதோடு பொருந்துகிறது. பெரிய குடும்பங்கள் தங்கள் ஆட்களோடு தங்கள் பகையைத் தீர்க்கப் போன காலம். ‘நமக்கென்ன இந்தப் போரில்’ என்று ஒரு சாதாரண விவசாயி கேட்டதில் ஆழ்ந்த பொருள் இருந்தது.

கேட்கவும் செய்தார்கள், களத்திலேயே. கி.மு. 481இல் கேசோ ஃபேபியஸ் என்ற கான்சலின் கீழ்ப் போனபோது குதிரைப்படை மட்டும் பாய்ந்து எதிரியைச் சிதறடித்தது. துரத்த வேண்டிய காலாட்படை அசையவில்லை. நிலப்பங்கீட்டுச் சட்டத்தை எதிர்த்தவருக்கு வெற்றி ஊர்வலம் கிடைக்கக் கூடாது என்பதற்காக, வென்ற சண்டையிலிருந்து தோற்றவர்களைப்போலப் பாசறைக்குத் திரும்பினார்கள். பத்தாண்டு கழித்து, கி.மு. 471இல், இன்னோர் ஆப்பியஸ் கிளாடியஸின் படை வோல்ஸ்கிகளுக்கு முன்னால் வேண்டுமென்றே ஓடியது. அவர் பழிவாங்கினார். ஆயுதத்தையும் கொடியையும் விட்டு ஓடியவர்களையும் அணியை விட்டு விலகிய நூற்றுவர் தலைவர்களையும் சாட்டையால் அடித்துத் தலையை வெட்டினார். மற்றவர்களில் சீட்டுப்போட்டுப் பத்தில் ஒருவரைக் கொன்றார். ரோமானியப் படையின் அந்தப் பயங்கரத் தண்டனை பதிவாவது இங்கேதான் முதல்முறை. எதிரிக்குப் பயந்து ஓடிய கோழைகளைத் திருத்தும் முறை என்று படைவரலாறுகளில் படித்திருக்கிறேன். அதன் முதல் பதிவே ஆண்டைக்கும் உழவனுக்கும் நடந்த சண்டையாக இருக்கிறது என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை.

அடுத்த அரை நூற்றாண்டை வேகமாகக் கடக்கிறேன். கி.மு. 451-450இல் சட்டம் பன்னிரண்டு பலகைகளில் எழுதப்பட்டது. எழுதிய பத்துப் பேர் குழு கொடுங்கோலாக மாற, கி.மு. 449இல் படை மறுபடி நகரத்தைவிட்டு வெளியேறியது. கி.மு. 445இல் கனுலேயஸ் என்ற டிரிப்யூன் கொண்டுவந்த சட்டம் பாட்ரீசியருக்கும் பிளெபியருக்கும் இருந்த திருமணத் தடையை நீக்கியது. இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிளெபியர் என்றால் ஏழை என்று மட்டும் பொருள் இல்லை. பூசாரிப் பதவியும் கான்சல் பதவியும் சில குடும்பங்களிடம் பூட்டிக்கிடந்தன. அந்தக் குடும்பங்களில் பிறக்காத எல்லோரும் பிளெபியர், அவர்களில் பணக்காரர்களும் உண்டு. அந்தப் பணக்காரர்களுக்கு வேண்டியது பதவி. ஏழைகளுக்கு வேண்டியது கடனிலிருந்து விடுதலையும் நிலமும். நிலம் எங்கிருந்து வரும்? போரில் பிடித்த நிலம் பொதுநிலமாக இருந்தது. பெயருக்குத்தான் பொது, உழுது அனுபவித்தவர்கள் பெரியவர்கள். அதைப் பங்கிடுங்கள் என்று கேட்ட ஸ்பூரியஸ் கேசியஸ் மூன்று முறை கான்சலாக இருந்தவர். மன்னராக ஆசைப்பட்டார் என்று குற்றம் சாட்டி கி.மு. 485இல் அவரைக் கொன்றார்கள். இருக்கும் நிலத்தைப் பங்கிட மனமில்லாத ஆட்சிக்கு வேறொரு வழி இருந்தது. புதிய நிலம்.

வேயி ரோமுக்கு வடக்கே பத்து மைலில் இருந்த செழிப்பான நகரம். கி.மு. 406இல் அதன் மீது பெரும்போர் தொடங்கும் நேரத்தில், யாரும் கேட்காமலேயே செனட் அறிவித்தது: இனிப் படைவீரனுக்குச் சம்பளம் உண்டு. மக்கள் செனட் வாசலுக்கு ஓடிப்போய் உறுப்பினர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறார் லிவி. டிரிப்யூன்கள் மட்டும் எச்சரித்தார்கள்: இந்தப் பணம் உங்கள் மீது போடும் வரியிலிருந்துதான் வரும். பெரியவர்கள் தங்கள் பங்கு வரியை முதலில் கட்டினார்கள். வெள்ளி நாணயம் இல்லாததால் வெண்கலக் கட்டிகளை வண்டிகளில் ஏற்றி ஊர் பார்க்கக் கருவூலத்துக்கு ஓட்டிச் சென்றார்கள். சம்பளம் வந்த பிறகு வீரனைக் கோடையோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. கி.மு. 403இல் வேயியைச் சுற்றி முதல்முறையாகக் குளிர்காலப் பாசறை எழுந்தது. இளைஞர்களை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று டிரிப்யூன்கள் கொதித்தார்கள். அறுவடைக்கும் உழவுக்கும் திரும்பிக்கொண்டிருந்த மனிதன் முழுநேரப் படையாளாக மாறத் தொடங்கிய இடம் இதுதான்.

கி.மு. 396இல் தளபதி கமிலஸ் சுரங்கம் தோண்டி வேயியைப் பிடித்தார். கொலையில் தப்பிய மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். கி.மு. 393இல் அந்த நிலத்தில் பிளெபியர்களுக்கு ஏழு யூகெரா, ஏறக்குறைய நாலரை ஏக்கர், கொடுத்தார்கள். தலைக்கட்டுக்கு ஒன்று என்றுகூட இல்லை. வீட்டில் இருந்த சுதந்திரமானவர்கள் அத்தனை பேரையும் கணக்கெடுத்தார்கள். பிள்ளை பெறும் நம்பிக்கையோடு அவர்கள் வாழட்டும் என்பதற்காக.

நூறு ஆண்டுப் போராட்டத்தில் பிளெபியர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நிலப்பங்கு இது. ஒரு பாட்ரீசியரின் வரப்பும் இதற்காக ஓரடி நகரவில்லை. கொடுத்தது முழுக்க வேயி மக்களின் வயல். கடனுக்கு எதிராக எழுந்த அந்த மனிதர்களை நான் நேசிக்கிறேன். அதனாலேயே இந்த இடத்தைக் கடந்துபோக முடியவில்லை. டைபருக்கு அப்பால் விற்கப்படும் பயத்தில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், டைபருக்கு அப்பால் இருந்தவர்கள் விற்கப்பட்டதால் காலியான வீடுகளுக்குக் குடிபோனார்கள்.

அந்த நிலமும் கடனைத் தீர்க்கவில்லை. சில ஆண்டுகளில் கால்கள் (Gauls) என்ற இனத்தார் வடக்கிலிருந்து வந்து ரோமைக் கொளுத்தினார்கள். வீடு கட்டக் கடன், வரி கட்டக் கடன். கி.மு. 385இல் ஒரு நூற்றுவர் தலைவரைக் கடனுக்காக ஃபோரத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். பார்த்தவர் மார்க்கஸ் மான்லியஸ், கால்களிடமிருந்து கேபிடல் குன்றைக் காத்த பாட்ரீசியர். இந்த மனிதன் விலங்கோடு போவதைப் பார்க்கவா நான் கோட்டையைக் காத்தேன் என்று கேட்டு, அங்கேயே கடனை எடைபோட்டுக் கட்டி அவரை விடுவித்தார். வேயியில் இருந்த தன் நிலத்தை விற்றார். அடுத்த ஆண்டு, மன்னராக முயன்றதாக மான்லியஸ் மீது வழக்கு. தான் வட்டியில்லாமல் பணம் கொடுத்து மீட்ட ஏறக்குறைய 400 பேரை அவர் சாட்சியாக நிறுத்தினார். போரில் வென்ற பரிசுகளை அடுக்கினார். தழும்பு நிறைந்த மார்பைத் திறந்தார். கேபிடல் குன்றைப் பார்த்துக் கை நீட்டினார். அந்தக் குன்று கண்ணில் தெரியும்வரை மக்கள் அவரைத் தண்டிக்க மாட்டார்கள் என்று வழக்கு நடத்தியவர்களுக்குப் புரிந்தது. குன்று தெரியாத ஒரு தோப்புக்கு விசாரணையை மாற்றினார்கள். அங்கே தண்டனை கிடைத்தது. அவர் காத்த குன்றின் பாறையிலிருந்தே அவரைத் தள்ளிக் கொன்றார்கள். வழக்கு நடத்தியவர்களில் டிரிப்யூன்களும் இருந்தார்கள் என்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த லிசினியஸ் ஸ்டோலோ, லூசியஸ் செக்ஸ்டியஸ் இருவரும் திரும்பத் திரும்ப டிரிப்யூன்களாகத் தேர்வாகி, மூன்று சட்டங்களுக்காகப் போராடி கி.மு. 367இல் வென்றார்கள். கட்டிய வட்டியை அசலில் கழித்து, மீதியை மூன்று ஆண்டில் கட்டலாம். பொதுநிலத்தில் ஒருவர் 500 யூகெராவுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 310 ஏக்கருக்கு மேல், வைத்திருக்கக் கூடாது. இரண்டு கான்சல்களில் ஒருவர் பிளெபியர். கடன் சட்டத்தையும் நிலச் சட்டத்தையும் மட்டும் நிறைவேற்றிவிடலாம் என்று மக்கள் தயாராக இருந்தபோது இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றும் சேர்ந்துதான், இல்லையென்றால் எதுவும் இல்லை என்றார்கள். மறு ஆண்டு செக்ஸ்டியஸ் கான்சல் ஆனார். லிசினியஸும் பிறகு கான்சல் ஆனார். கி.மு. 357இல் அதே லிசினியஸ், மகனைச் சட்டப்படி பிரித்துக்காட்டி இருவருமாக 1,000 யூகெரா வைத்திருந்ததற்காக, தன் பெயரில் இருந்த சட்டத்தின்கீழேயே அபராதம் கட்டினார். 310 ஏக்கர் உச்சவரம்பு என்பது யாருடைய கவலை? நாலரை ஏக்கர்க்காரனுடையது அல்ல. உச்சியில் இருந்த பிளெபியர்கள் பழைய பாட்ரீசியக் குடும்பங்களோடு கலந்து புதிய ஆளும் வர்க்கமாக உருவானது இந்தக் காலத்தில்தான்.

கடனுக்கு எதிரான போராட்டம் அதற்குப் பிறகும் படையிலிருந்தே வந்தது. கி.மு. 342இல் கபுவாவில் நிறுத்தப்பட்டிருந்த வீரர்கள் கலகம் செய்தார்கள். அதே ஆண்டு வட்டிக்குக் கொடுப்பதையே தடை செய்யும் சட்டம் வந்ததாகப் பதிவு இருக்கிறது. கி.மு. 326இல் தந்தையின் கடனுக்காகத் தன்னை அடகு வைத்திருந்த பப்லிலியஸ் என்ற இளைஞனை, கடன் கொடுத்தவன் தன் இச்சைக்கு இணங்கவில்லை என்பதற்காகச் சாட்டையால் அடித்தான். அவன் இரத்தம் வழியத் தெருவுக்கு ஓடினான். செனட் கூடிய இடத்தின் வாசலில் மக்கள் அவன் முதுகைக் காட்டி, உள்ளே போன உறுப்பினர்களின் காலில் விழுந்தார்கள். கடனுக்குச் சொத்துதான் ஈடு, உடம்பு ஈடாகாது என்று அன்று சட்டமானது. கொத்தடிமையாகக் கிடந்தவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். இது விடுதலையின் இரண்டாம் தொடக்கம் என்று லிவி எழுதும்போது அவர் குரலே உயர்கிறது. எனக்கும் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் ஆண்டைகளின் வயல்களில் வேலை நிற்கவில்லை. கடனாளியின் இடத்துக்குப் போர்க்கைதி வந்தான். மலிவாக வந்தான், ஆண்டுதோறும் வந்தான், அவனுக்காக நடுவில் வந்து நிற்க டிரிப்யூன் இல்லை. நிலமில்லாத பிளெபியனுக்குப் பிடித்த நாடுகளில் குடியேற்றம் கிடைத்தது. கி.மு. 334இல் கேலஸ் நகருக்கு 2,500 பேர். கி.மு. 329இல், வோல்ஸ்கிகளிடமிருந்து எடுத்த தெர்ராசினாவுக்கு 300 பேர், ஆளுக்கு இரண்டு யூகெரா. கடனாளிகளின் படையை நகரத்துக்கு வெளியே கொண்டுபோக ஒரு காலத்தில் காரணம் காட்டப்பட்ட ஈக்விகளின் முறை கி.மு. 304இல் வந்தது. 50 நாட்களில் அவர்களுடைய 31 ஊர்கள் பிடிக்கப்பட்டன. பெரும்பாலானவை இடித்து எரிக்கப்பட்டன. அந்தப் பெயரே ஏறக்குறைய அழிந்தது என்கிறார் லிவி. மறு ஆண்டு அந்த நிலத்தில் ஆல்பா ஃபூசென்ஸ் என்ற குடியேற்றம் எழுந்தது. போனவர்கள் 6,000 பேர்.

கடைசி வெளியேற்றம் கி.மு. 287 வாக்கில். மறுபடி கடன் முற்றி, மக்கள் டைபருக்கு அப்பால் ஜானிகுலம் குன்றுக்குப் போனார்கள். சர்வாதிகாரி ஹார்டென்சியஸ் ஒரு கருவாலித் தோப்பில் கூட்டம் கூட்டிச் சட்டம் நிறைவேற்றினார்: பிளெபியர் பேரவை முடிவு செய்வது பாட்ரீசியர் உட்பட ரோமானியர் அனைவரையும் கட்டுப்படுத்தும். இருநூறு ஆண்டுச் சண்டை இதோடு முடிந்தது என்று பாடநூல்கள் கணக்கு முடிக்கின்றன.

போர் தொடுப்பதா வேண்டாமா என்ற வாக்கு மட்டும் பிளெபியர் பேரவைக்கு வரவில்லை. அது பழைய நூற்றுவர் பேரவையிலேயே நீடித்தது. அங்கே மொத்தம் 193 அணிகள், அணிக்கு ஒரு வாக்கு. குதிரைப்படைக்காரர்களுக்கும் முதல் வகுப்புச் சொத்துக்காரர்களுக்கும் மட்டும் 98. சொத்தே இல்லாதவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்களுக்கு ஓர் அணி. மேலிருந்து கீழாகக் கூப்பிடுவார்கள், பெரும்பான்மை கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள்.